மாதக் கடைசி நாள், நாலு மணி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே இருவரும் சுகம், அப்பாவின் முழங்கால்தான் இந்த வாடகை வீட்டு மாடிப்படியோடு தினமும் சண்டை போடுகிறது, நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

எங்களுக்காக நீ வாங்கப்போகும் கீழ்த்தள வீட்டுக்குக் கடன் விசாரிக்கச் சொன்னாயே, நாலு இடத்தில் விசாரித்துவிட்டேன். முதலில் மோப்பம் பிடித்து வந்தது யார் தெரியுமா, உன் பெரியப்பாவின் மாப்பிள்ளை, அந்த வங்கிக்காரர்தான். நீ விடுதியில் படித்த காலத்தில் வட்டி ஏறவே ஏறாது என்று சத்தியம் செய்து நம் வீட்டின் மேல் கடன் கொடுத்து அப்பாவிடம் கையெழுத்து வாங்கியவர். மூன்றாம் வருஷம் வட்டி ஏறியது, தவணை கட்ட முடியாமல் நம் வீட்டை விற்றோம். உனக்கு இதெல்லாம் சொல்லவில்லை. அப்பா போய்க் கேட்டதற்கு, அலுவலகமே பார்க்க, "படிக்காம கையெழுத்து போட்டா நான் என்ன மாமா பண்றது" என்று சிரித்தாராம். அப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டே இருந்தார். அந்தச் சிரிப்புக்குப் பதில் கொடுக்கத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன்.

வாங்க மாப்பிள்ளை என்று உட்காரவைத்து, எல்லாவற்றையும் எழுதித் தரச்சொல்லி வாங்கிக்கொண்டேன். இந்த மாதம் இன்னும் ஒரு கடன் பிடித்துவிட்டால் பதவி உயர்வு நிச்சயம் என்று அவரே வாயைவிட்டார். மற்ற இரண்டு இடத்தில் விவரத்தாளைக் கையில் கொடுத்து, வட்டியை மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாலாவது இடம், மருந்துக்கடைக்கு மேலே ஒரு சின்னக் கடன் அலுவலகம். அங்கே இருந்த கண்ணாடிக்கார அம்மாள்தான், "உங்க பொண்ணுக்கு ஆறு மாசம் வேலை இல்லேன்னா எப்படிக் கட்டுவாங்க" என்று கேட்டாள். வேறு யாருமே கேட்காத கேள்வி. நாலு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கட்டணம், கூடவே ஒட்டிவிடும் காப்பீடு, முன்கூட்டி அடைத்தால் அபராதம் எல்லாம் சேர்த்துக் கடைசித் தவணை வரை கணக்குப் போட்டுக் காட்டினாள். மாப்பிள்ளையின் வட்டி இரண்டு வருஷம்தான் குறைச்சல், அப்புறம் அதுதான் எல்லாவற்றையும்விட அதிகம். அவளுடையது ஆரம்பத்தில் கால் சதவீதம் கூடுதல், மொத்தத்தில் குறைவு. அவளிடமே முடிப்பதாகச் சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளையிடம் மட்டும் மூச்சு விடவில்லை. அவர் போன் செய்யும்போதெல்லாம் ஆகட்டும் மாப்பிள்ளை, ஆகட்டும் மாப்பிள்ளை. மாதக் கடைசி நாள் நாலு மணிக்கு நான் போனை எடுத்தேன், அப்பா பிடுங்கிக்கொண்டார். "வேற இடத்துல முடிச்சாச்சு மாப்பிள்ளை. ஆமா, உங்க கடன்ல மூணாவது வருஷம் வட்டி எவ்வளவு?" என்றார். மாப்பிள்ளையே வைக்கும்வரை அப்பா போனைக் காதிலேயே வைத்திருந்தார்.

பதவி வேறொருவருக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் மனைவி, உன் பெரியப்பா மகள் அக்கா, தனியாக வந்து அழுதாள், "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சித்தி" என்றாள். சொல்லியிருக்கலாம், மனசு வரவில்லை என்றேன். கண்ணைத் துடைத்துவிட்டேன், மன்னிப்புக் கேட்கவில்லை. நீயும் என்னைக் கேட்கச் சொல்லாதே.

கண்ணாடிக்கார அம்மாள் தந்த தாள்களை அனுப்பியிருக்கிறேன். ஒரு பக்கம் விடாமல் படி, புரியாததை அந்த அம்மாளிடம் கேள், அவள் சலித்துக்கொள்ள மாட்டாள், அதற்கப்புறம் கையெழுத்துப் போடு. நீ நீண்ட ஆயுளோடு, யார் முன்னாலும் தலைகுனியாமல் வாழவேண்டும்.

இப்படிக்கு,
வருத்தம் கொஞ்சமும் இல்லாத உன் அம்மா