ரிப்போர்ட்டில் இருந்த பதினான்கு

3 பிப்ரவரி 2025, திங்கள்
ரிவிஷன் பேப்பர் பாதிதான் திருத்தினேன். திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து ரிப்போர்ட் வந்துவிட்டது. கர்ப்பப்பை வாயில் எச்.பி.வி. வைரஸ். இன்னும் புற்றுநோய் இல்லை, ஆனால் அதை நோக்கிக் கிளம்பிவிட்டது. இருபத்தைந்தாம் தேதிக்குள் சின்ன ஆபரேஷன். கூட ஒருவர் வர வேண்டும். ஆராய்ச்சிக்காக என்னிடம் மூன்று முறை எடுத்த சாம்பிளில் வைரஸின் ‘பதினான்கு மாற்று வடிவங்கள்’ என்று ஒரு வரி. எனக்கே புரியவில்லை.

4, செவ்வாய்
வீட்டுக்காரருக்கும் புரியவில்லை. ஆனால் இவருக்கு ஓர் அண்ணன் இருக்கிறாரே! பால்ராஜ், இலுப்பூரில் மெடிக்கல் ஷாப். இருமல் மருந்து விற்றே டாக்டராகிவிட்டவர். படித்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார்: “பதினாலு வகைன்னா பதினாலு எடத்துலேருந்து வந்துருக்குடா தம்பி. இதுக்கு மேல நான் சொல்ல வேணாம்.”
சொல்லாமல் எதை விட்டார்?

5, புதன்
சமையல், ஸ்கூல் பஸ், ஏழு பீரியட், வீடு. பதினான்கு பேருக்கு எப்போது நேரம்? டைம்டேபிளை அண்ணனே போட்டுத் தரட்டும்.

9, ஞாயிறு
நான் பாவசங்கீர்த்தனம் செய்தால்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட வருவாராம். “ஒத்துக்க செல்வி. நான் மன்னிச்சுருவேன்.”
மன்னிக்கிறாராம். பெரிய மனசு. எனக்குப் பயமா இருக்கு, உள்ள அது பாட்டுக்கு வளருது, இந்த ஆளுக்கு மன்னிப்பு ஒண்ணுதான் கேடு.

14, வெள்ளி
திருச்சியில் டாக்டர் சிவரஞ்சனி முன்னால் இவரைக் கொண்டுபோய் உட்கார வைத்தேன். பதினான்கு பேரா என்று கேட்டேவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை.
“உள்ள வந்தது ஒரே வைரஸ்தாங்க. அது தன்னையே காப்பி எடுத்துப் பெருகுறப்ப சின்னச் சின்னத் தப்பு விழும். பதினாலும் அந்த ஒண்ணுலேருந்து வந்ததுதான்.”
“அந்த ஒண்ணு?”
“உறவுலதான் வரும் பெரும்பாலும். எப்பன்னு சொல்ல முடியாது. வருஷக்கணக்கா சும்மாவே கெடக்கும்.”
என் வாழ்க்கையில் ஒரே ஆண்தான். கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் துபாயில் இருந்தது நானில்லை. இவரைப் பார்த்தேன். திரும்பும் பஸ்ஸில் விராலிமலை வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, “அண்ணங்கிட்ட இதெல்லாம் சொல்ல வேணாம்.”
பதினான்கை மட்டும் சொல்லலாம் போலிருக்கிறது.

24, திங்கள்
ஆபரேஷன் முடிந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டதாகச் சொன்னார் டாக்டர். கூட வந்தது ஸ்கூலில் கணக்கு எடுக்கும் ஷெரின். ஃபாரத்தில் அவள்தான் கையெழுத்துப் போட்டாள்.
“வீட்டுக்காரர் வரலையாம்மா?” என்று நர்ஸ் கேட்டார்.
வெளியூர் என்றேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், கையில் ஆரஞ்சுப் பழப் பையோடு இவர் நின்றுகொண்டிருந்தார்.