நோட்டரி அலுவலகத்து ஜன்னல்

ஜூன் 26, திங்கள்

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி இன்று ஒட்டுநாடா கிழித்துக் கொடுத்தாள். சுற்றுச்சூழல் பொறியியல் படித்த கை, என் கை. ஜன்னல் இடுக்குகளை முதலாளி, நோட்டரி தோன் ஃபாவ்ஸ்தோ, தானே அடைத்தார். குளிர்காற்று பட்டால் வாய் கோணிவிடுமாம். ஐந்து பேர், ஒரு அறை, ஒரு எரிவாயுக் கணப்பு. பொலிவிய மலைநகரம் ஒருரோவின் ஜூன் மாதக் குளிருக்குப் பயந்து, விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறோம். சிக்கனமான அலுவலகம்.

ஜூன் 28

ஆய்வேட்டுக்கு வாங்கிய கரியமிலவாயு மானியை மேசையில் வைத்தேன். தெருவில் 420. உள்ளே 3,100. ஆயிரத்தைத் தாண்டினாலே தலை கனக்கும். பக்கத்து மேசை யோவானாவுக்கு ஏழாம் மாதம்; மத்தியானம் ஆனால் தலையைப் பிடித்துக்கொள்கிறாள். முதலாளியிடம் சொல்லப் போனேன். "ஸ்டேப்ளர் வேணுமா சார்?" என்று வந்தது வாயில்.

ஜூலை 4

சொல்லிவிட்டேன். முப்பது வருஷ எழுத்தர் தோன்யா எலியோதோரா மானியைத் தூக்கிப் பார்த்தார்.

"இஞ்சினியரம்மா, இதுல பாட்டு வருமா?"

எல்லாரும் சிரித்தார்கள். யோவானாவும்.

அவள் தலைவலிக்குக் காரணம் கண்டுபிடித்தாயிற்று: பூமித்தாய்க்கு எங்கள் மேல் கோபம். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை அவளுக்கு வழக்கமாகப் போடும் படையலை இம்முறை பெரிதாகப் போடுவதாக முடிவு. முற்றத்தில் காற்றாம், அதனால் உள்ளேயே. கதவையும் சாத்தி. அதிர்ஷ்டம் வெளியே போய்விடக் கூடாதே.

ஜூலை 7, வெள்ளி



கரி அடுப்பில் படையல் எரிந்தது: லாமா மிருகத்தின் கொழுப்பு, சர்க்கரைப் பொம்மைகள், புகை. மானி 5,000-இல் நின்றுவிட்டது. அதற்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. யோவானாவை வெளியே இழுக்கப் பார்த்தேன்.

"பாதியில எழுந்து போனா குழந்தைக்கு ஆகாதுடி" என்றாள். பிறகு நாற்காலியிலிருந்து சரிந்தாள்.

கதவை மறித்துக்கொண்டு அடுப்பு. ஜன்னலில் நான் கிழித்துக் கொடுத்த நாடா. மானியை எடுத்து எறிஞ்சேன், கண்ணாடி மேல. நானா? நான்தான். அந்த அலுவலகத்தில் முதல்முறையாக என் கருவி உபயோகப்பட்டது.

ஆஸ்பத்திரியில் கண் திறந்தாள். குழந்தைக்கு இதயம் துடிக்குது. துடிக்குது.

"திங்கக்கிழமை பேசிக்கலாம்" என்றார் தோன் ஃபாவ்ஸ்தோ. அவ்வளவுதான், வேலை போச்சு.

ஜூலை 10, திங்கள்

வேலை போகவில்லை. படையலைப் பூமித்தாய் ஏற்றுக்கொண்டாளாம். யோவானா பிழைத்ததே சாட்சியாம். நானும் தலையாட்டினேன்.

கண்ணாடிக்காரர் அளவெடுத்துவிட்டு, பழையபடி அடைத்தே போட்டுவிடலாமா என்று கேட்டார். தோன் ஃபாவ்ஸ்தோ கழுத்துத் துண்டை மூக்குவரை ஏற்றிக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

"திறக்கிற மாதிரி போடு."

தோன்யா எலியோதோரா கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "ஜன்னல் கொண்டி இஞ்சினியரம்மா மேசைப் பக்கமா இருக்கட்டும்."