எலிக்கூண்டில் தேவதாரு

என் தங்கத் தம்பி வேதாசலத்துக்கு,

நேற்று உன் காலேஜில் உனக்கு அஞ்சலிக் கூட்டம் நடந்ததடா. நான் போனேன். போனது மட்டுமில்லை, நடுக்கூட்டத்தில் எழுந்து நின்று பேசிவிட்டும் வந்திருக்கிறேன்! இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

உன் படத்துக்கு ரோஜா மாலை. ரோஜா என்றால் அவனுக்குத் தும்மல் வருமே என்றேன், யார் கேட்டார்கள்? மேடையில் உன் பழைய பெரிய டாக்டர், உன் ஆராய்ச்சிக்குத் தலைவராக இருந்தவர். ரிட்டயராகியும் அதே டை, அதே செருமல். "எலிகள் சீக்கிரம் விழிச்சுக்கறதுக்குக் கூண்டில் போட்ட மரச்சுருள்தான் காரணம்னு ஒருநாள் எனக்குப் பளிச்சுனு தோணிச்சு. வேதாசலத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன்" என்றாரே பார்க்கலாம். எனக்கு உச்சந்தலை கொதித்தது.

யாருக்குத் தோன்றியது? எனக்கா மறக்கும்?

அந்த வருஷம் நீ எலிகளுக்குத் தூக்க மருந்து போட்டு, எத்தனை நிமிஷத்தில் விழிக்கின்றன என்று எழுதிக்கொண்டிருந்தாய். கல்லீரல் மருந்தை எவ்வளவு வேகமாக உடைக்கிறது என்று அதை வைத்துத் தெரியும் என்றாய். கூண்டில் பரப்ப மரச்சுருள் நம் வீட்டுத் தச்சுப் பட்டறையிலிருந்துதான், சனிக்கிழமைக்கு ஒரு மூட்டை. திடீரென்று, ஒன்றரை மணி தூங்கின எலிகள் அரை மணியில் எழுந்து ஓட ஆரம்பித்தன. "ஊசி போடத் தெரியாதவனுக்கு ஆராய்ச்சி எதுக்கு? மாசக் கடைசிக்குள்ள சரியாகலைன்னா நடையைக் கட்டு" என்று இதே மனுஷர் எல்லார் முன்னாலும் சொன்னார். புதன்கிழமை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மயிலாப்பூருக்கு, என் வீட்டுக்கு வந்தாய். வத்தக்குழம்பும் அப்பளமும் வைத்தேன். பாதிச் சாப்பாட்டில் நிறுத்தி மூக்கை உறிஞ்சினாய். பின்கட்டில் உன் அத்தான் பலகை இழைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இது என்ன வாசனை?"

"தேவதாருடா. தி. நகர் பாத்திரக் கடைக்குப் பெட்டி செய்யறார்."

"கூண்டுலயும் இதே வாசனைதான் அடிக்குது. எனக்கு எப்போலேர்ந்து இதை அனுப்பறே?"

"அறுபத்து மூவர் திருவிழா வரைக்கும் மாமரம். அதுக்கு அடுத்த சனிக்கிழமையிலேர்ந்து இது. எலிங்களும் மணமாப் படுக்கட்டுமேன்னு நான்தான் அள்ளிப் போட்டேன்."

நீ எலிக் கணக்கு எழுதின நோட்டைப் புரட்டினாய். "அக்கா!" என்று நீ போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரி கரண்டியோடு ஓடி வந்தாள். எலிகளின் தூக்கம் குறைந்ததும் அதே வாரம்! கை கழுவவில்லை, செருப்புப் போடவில்லை, சித்திரை வெயிலில் பஸ்ஸுக்கு ஓடினாய்.

அப்புறம் பாதிக் கூண்டில் மாமரம், பாதியில் தேவதாரு. தேவதாரு கல்லீரலை முடுக்கிவிடுகிறது, அதனால் மருந்து சீக்கிரம் தீர்ந்து எலி விழிக்கிறது என்று காட்டினாய். "சில மருந்தை உடைச்சா அந்தத் துண்டே விஷமாகிக் கல்லீரலையே அரிக்கும் அக்கா" என்றபோது உன் கண் எப்படி மின்னியது! கடைசிவரை அதுதானே உன் வேலை.

இத்தனையும் எழுந்து நின்று சொன்னேன். "ஆயா, உட்காரு ஆயா" என்று பேத்தி சேலையைப் பிடித்து இழுத்தாள். பெரிய டாக்டர் சிரித்துக்கொண்டே, "அம்மாவுக்கு வயசாயிடுச்சு, ஞாபகம் பிசகியிருக்கும்" என்றார்.

"எனக்கா? நீங்க கெடு வெச்ச கிழமையைச் சொல்லட்டுமா?" என்றேன்.

அப்போது பின் வரிசையில் ஒருத்தர் எழுந்தார். உன் எலிக்கூண்டெல்லாம் கழுவின முனுசாமி, தலை பூரா நரைத்துப்போய். "யக்கா சொல்றதுதான் சார் கரீட்டு. மூட்டையத் தூக்கினு வந்தவன் நானு. கூண்ட மாத்துடான்னு டாக்டரு கத்திக்கினே ஓடியாந்தாரு, கால்ல செருப்புகூட இல்ல. நீங்க அப்போ லீவுல ஊட்டிக்குப் போயிருந்தீங்க."

கூட்டம் சிரித்த சிரிப்பு உனக்குக் கேட்டதா? பெரிய டாக்டர் தண்ணீர் கேட்டார். அடுத்துப் பேசிய பெண், உன்னிடம் படித்தவளாம், "எங்க சார் கண்டுபிடிச்சது" என்றே ஆரம்பித்தாள்.

இன்னும் ஒன்று. பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடினாயே, ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டாயா? அந்தத் தட்டை நினைத்து இத்தனை வருஷமும் உன்மேல் எனக்குக் கோபம். நீ சாப்பிட வந்தபோதெல்லாம் வேண்டுமென்றே ஒரு அப்பளம் குறைத்துத்தான் வைத்தேன். கவனித்தாயா? நேற்றோடு அந்தக் கோபத்தை விட்டேன்.

அந்த மனுஷர்மேல் இருப்பதை விடமாட்டேன். உனக்குத்தான் கோபப்படவே தெரியாதே, உன் பங்கையும் நானே வைத்துக்கொள்கிறேன். அவர் இந்தக் கதையை எந்த மேடையில் எடுத்தாலும் முதல் வரிசையில் நான் உட்கார்ந்திருப்பேன். சத்தியம்.

உன்னை இடுப்பில் சுமந்து வளர்த்த
அக்கா தனபாக்கியம்