குடைக்கடையின் சீசர்

தெற்கு மாட வீதியில் இன்று காலையிலிருந்து பெயின்ட் வாடை. உன் குடைக்கடைப் பலகைக்குப் புதுப்பூச்சு நடக்கிறது. எதிரே நின்று பார்த்தேன். மூக்கு எரிந்தது, மற்றபடி ஒன்றும் இல்லை. நீ போனதிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன், காது அடைத்துக்கொண்டவன் மாதிரி.

நான் நாலாம் பாரத்தோடு நின்றவன்தான். ஆனாலும் ரோமாபுரிச் சக்கரவர்த்திகளை அகஸ்டஸ் தொடங்கி மூச்சுவிடாமல் வரிசை சொல்ல, மயிலாப்பூரில் என்னை விட்டால் ஆள் கிடையாது. பெரிய வக்கீல்களே வண்டியை நிறுத்திச் சந்தேகம் கேட்பார்கள். அகஸ்டஸ் பதினாறு கம்பிக் குடை இல்லாமல் வெயிலில் இறங்கமாட்டார் என்று ஒருநாள் சொன்னேன். நீ துணி தைத்தபடியே சொன்னாய்: "பாதியத் தள்ளிட்டு மீதியச் சொல்லுடா."

நீ நோயில் படுத்ததும் கடை யாருக்கு என்ற பேச்சு வந்தது. உனக்குப் பிள்ளை இல்லை. கிண்டி குதிரைப் பந்தயமே கதியென்று கிடக்கும் மகனோடு உன் அண்ணன் வந்துவிட்டார். உன்னிடம் கம்பி மாட்டியே தலை நரைத்த காதர் வாசலில் நின்றான். நீ என் பக்கம் திரும்பினாய்.

"இன்னாடா, உன் ராஜாங்க இதுக்கு இன்னா பண்ணாங்க?"

விடுவேனா? நெர்வா ட்ராஜனைத் தத்து எடுத்துக்கொண்டான். அப்புறம் ஹேட்ரியன், அன்டோனைனஸ், மார்க்கஸ், எல்லோரும் தேடி எடுத்த பிள்ளைகள், ராஜ்யம் ஜொலித்தது. மார்க்கஸ்தான் பெற்ற மகனுக்குக் கொடுத்தான். அவனோ சிங்காதனத்தை விட்டு மல்லுக்கட்டப் போய்விட்டான் என்றேன்.

"அப்போ பலகையில நம்ம பேரு?" என்றார் அண்ணன்.

"நீரோவோட சீசர் வம்சம் அத்துப்போச்சு. அப்புறம் வந்தவனெல்லாம் சீசர்னுதானே பேர் வெச்சுக்கினான்?" என்றேன்.

நீ சாவியைக் காதர் கையில் வைத்தாய். அண்ணன் என்மேல் பாய்ந்தார்: "யோவ், உன் கதையால எம்புள்ள தெருவுக்கு வந்துட்டான்யா!"

"அவன் கதையில பாதி பொய்தான் அண்ணே. மீதியத்தான் நான் எடுத்துக்கினேன்," என்றாய்.

பலகையில் உன் பெயர் பச்சையாக மின்னுகிறது. அடையாற்றிலிருந்து வந்த அம்மாள் ஒருத்தி, காதரைத்தான் உன் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "குடும்மா" என்று குடையை வாங்கிக்கொண்டான். நான் திரும்பி உன்னைத் தேடினேன்.

"இன்னா சாமி, நின்னுக்கினே கீறே? குந்து. ராஜா கதை சொல்லு," என்றான் காதர்.

வழக்கமான முக்காலியில் உட்கார்ந்து, வெஸ்பேசியன் பட்டம் சூடிய அன்று ரோமாபுரியில் பெய்த மழையில் யானைகள் மிதந்தன என்றேன். காதர் ஊசியைக் கீழே வைத்துவிட்டான். "மெய்யாலுமா?" என்று முழுசாக நம்பிவிட்டான்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். பாதியைத் தள்ளச் சொல்ல நீ இல்லை.

"யானை வேணாம் காதர், தள்ளிடு. மழை மட்டும் வெச்சுக்கோ," என்றேன்.

கடை அவனுக்கு. இந்த வேலை எனக்கு.