பதின்மூன்று தலையணைகளை அகற்றக் கோரி

அனுப்புநர்:
மெத்தைத் தையற்காரர்,
குழந்தைகள் காப்பகத்தின் எதிர்க்கடை.

பெறுநர்:
மேற்பார்வை அலுவலர் அவர்கள்,
குழந்தைகள் காப்பகப் பிரிவு.

பொருள்: நான் அன்பளிப்பாக வழங்கிய தலையணைகளைத் தொட்டில்களிலிருந்து உடனே அகற்றுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இரண்டு மாதங்களுக்கு முன் காப்பகத்துக்குப் பதின்மூன்று தலையணைகள் கொடுத்தவன் நானே. ஒவ்வொன்றின் மூலையிலும் கடைப் பெயரைச் சிவப்பு நூலில் தைத்திருந்தேன். விளம்பர ஆசைதான், மறைப்பானேன். தாங்களும் ஒன்றை அமுக்கிப் பார்த்து, "பூ மாதிரி இருக்கே" என்று பாராட்டிப் பட்டியலில் கையொப்பமிட்டீர்கள். அதன்பின் ஒரு வாரம் என் கால் தரையில் படவில்லை.

2. கடந்த வியாழனன்று காலை, ஆயாவிடம் வம்பளக்கும் ஒரே நோக்கத்துடன் உள்ளே போனேன். மூன்றாவது தொட்டிலில் என் தங்கை மகளின் நான்கு மாதக் குழந்தை குப்புறக் கிடந்தாள். மூக்கும் வாயும் என் தலையணைக்குள் புதைந்திருந்தன. வாரியெடுத்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் வீறிட்டு அழும்வரை எவ்வளவு நேரமாயிற்று என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

3. ஆயா கெட்டவர் அல்லர். பதின்மூன்று கைக்குழந்தைகளுக்கு அவர் ஒருவரே. "கவுத்துப் போட்டா சட்டுனு தூங்கிடுதுங்க" என்று சொல்லி அழுதார். மருத்துவமனையில் டாக்டரம்மா, "ஒரு வயசு வரைக்கும் மல்லாக்கத்தான் படுக்க வைக்கணும். கெட்டியான, சமமான மெத்தை போதும். தலையணை, கனத்த போர்வை, பொம்மை எதுவும் தொட்டில்ல கூடாது. எந்தப் புத்திசாலி இதைக் கொடுத்தது?" என்று கேட்டார். அந்தப் புத்திசாலி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றான். தங்கை மகள் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

4. அன்றே தலையணைகளைத் திருப்பிக் கேட்டேன். பொறுப்பாளர் அம்மையார், "பெரியவர் கையெழுத்துப் போட்ட பொருள் அண்ணே. அவர் எழுத்து வராம யாரையும் தொட விடமாட்டேன்" என்றார். அலமாரியிலாவது வைக்கச் சொன்னேன். "பட்டியல்ல தொட்டிலுக்குன்னுதானே போட்டிருக்கு?" என்றார். தாய்மார்களிடமும் சொன்னேன். நான் இருபது வருடமாகத் தெருக்கதை பேசிச் சேர்த்த நற்பெயர் அங்கே வேலை செய்தது: "மெத்தைக்காரர் இன்னைக்கு என்ன புதுசா கிளப்புறார்?" என்று சிரித்துவிட்டுப் பிள்ளைகளை உள்ளே விட்டுப் போனார்கள். எங்கள் குழந்தை இப்போது வீட்டில் இருக்கிறாள். மற்ற பன்னிரண்டும் இன்றும் வந்திருக்கின்றன.

5. ஆகவே, தலையணைகளை அகற்றவும், குழந்தைகளை மல்லாக்கவே படுக்க வைக்கவும், இன்னும் ஓர் ஆயாவை நியமிக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். மூன்றாவதற்கு நாளாகலாம். முதல் இரண்டுக்கும் இந்த மனுவின் ஓரத்தில் தாங்கள் ஒரு வரி எழுதினால் போதும். எடுத்துக்கொண்டு ஓட நான் வெளியே பெஞ்சில் இருக்கிறேன், சைக்கிளைப் பூட்டவில்லை. குழந்தைகளைப் பத்து மணிக்குத் தூங்க வைப்பார்கள்.

இடம்: தங்கள் அறை வாசல்
நாள்: திங்கட்கிழமை, காலை 9.20

இப்படிக்கு,
(கையொப்பம்)
அந்தப் புத்திசாலி