அடைப்புக்குறிக்குள் பொறுப்பு

அக்கா,

மகள் நேற்றுக் காலை உங்கள் சாவியை வாயில் வைத்துவிட்டாள். சாவியை அல்ல, அது கட்டியிருக்கும் மரக்கட்டையை. ஏழு மாதக் குழந்தை கைக்கு எட்டியதையெல்லாம் சப்பும் என்று படித்திருக்கிறேன்; ஆனாலும் பாய்ந்து பறித்தேன். சிராய் ஏதும் போயிருக்குமோ என்று அவள் வாய்க்குள் விரல் விட்டுத் தேடினேன். அவள் கத்தித் தீர்த்தாள். பிறகு கட்டையை மூக்கருகே கொண்டுபோனேன். உங்கள் சாமி அலமாரிக் கற்பூரம் இன்னும் மணக்கிறது.

ஐப்பசியில் நீங்கள் போனபோதே எழுதியிருக்க வேண்டியது. பிந்திவிட்டது. இப்போது எழுத வைத்திருப்பது ஒரு படிவம். நம் கட்டடத்தின் கீழ்த்தள மண்டபத்தைப் பொங்கலுக்கு எடுப்பதற்கானது. வெள்ளிக்கிழமைக்குள் ஒருவர் பெயர் எழுதிக் கையெழுத்து வைக்காவிட்டால் மண்டபம் வேறு யாருக்கோ போய்விடும் என்றார்கள். இந்தக் குளிரில் இருபது குடும்பம் கூடுவதற்கு வேறு இடம் ஏது? 'பொறுப்பாளர்' என்ற கட்டத்தில் மூன்று வருடமாக உங்கள் பெயர்தான் இருந்தது.

அந்தக் கட்டம் எப்படி வந்தது என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

எழுபத்தைந்து தை மாதம், அதே மண்டபத்தில் ஒரு கல்யாணம். ரொறன்ரோவில் அப்போது எங்களுக்குத் தெரிந்த ஐயர் எவரும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஐயரின் மந்திரத்தை ஒலிநாடாவில் பதிந்து தபாலில் அனுப்பியிருந்தார்கள். அவர் மூச்சு விடாமல் ஓதியிருந்தார். நீங்கள் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பொத்தானை அழுத்தி நிறுத்துவீர்கள். "ம், இப்ப ஒரு கரண்டி நெய். போதும் தம்பி." பிறகு மறுபடி ஓட விடுவீர்கள். மணல் நிரப்பிய கேக் தட்டில் அளவாக எரிந்தது ஓமம்.

பெண்ணின் மாமா காலையிலிருந்தே அதிகாரம் பண்ணிக்கொண்டு திரிந்தார். "உதை உங்கை வையுங்கோ. உவனை மேலை போய்க் கதிரை கொண்டரச் சொல்லு." கடைசியில் உங்களிடமும் வந்தார். "பிள்ளை, நீங்கள் போய்ச் சாப்பாட்டைக் கவனியுங்கோ. உதை நான் பாக்கிறன்."

நீங்கள் எழுந்து சமையல் பக்கம் வந்தீர்கள். மந்திரத்தை நடுவில் நிறுத்துவது குற்றம் என்று மாமா நாடாவை ஓட விட்டார். ஐயர் அடுக்கடுக்காக "ஸ்வாஹா" சொல்ல, மாப்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு கரண்டி ஊற்றினார். புகை கதவிடுக்கால் படிக்கட்டுக்குப் போயிருக்கிறது. முதல் மாடியில் யாரோ அபாய மணியை இழுத்துவிட்டார்கள்.

கூறைச் சேலையோடு பெண் பனிக்குள் நின்றாள், மேலே யாருடையதோ குளிர்ச்சட்டை. தீயணைப்பு வண்டிகள் வந்தன. கட்டடத்து சூப்பரின்டென்ட் சிவந்த முகத்தோடு ஓடிவந்து கத்தினார். "ஹூ இஸ் இன் சார்ஜ் ஹியர்?"

நான் அப்போது எங்கள் ஆட்களின் முகங்களைத்தான் பார்த்தேன். மாமா வானத்தைப் பார்த்தார். என்னுடைய இவர் தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தார். நானும் குனிந்துகொண்டேன். நீங்கள் கையில் குழம்புக் கரண்டியோடு முன்னே போய் "ஐ ஆம்" என்றீர்கள்.

அன்றைய திட்டு முழுவதையும் நீங்களே வாங்கினீர்கள். இனிமேல் ஒரு பெயர் எழுத்தில் வேண்டும் என்று அவர் சட்டம் போட்டார். மண்டபச் சாவி உங்களிடம் வந்தது. "நீங்கள் இல்லாதபோதுதானே நடந்தது, ஏன் அப்படிச் சொன்னீங்கள்?" என்று கேட்டேன்.

"அந்த ஆளு குளிர்ல நிக்கிறாரும்மா. யாராச்சும் ஒருத்தர் பதில் சொல்லணும்ல."

அதற்குப் பிறகுதான் நம் விளையாட்டுத் தொடங்கியது. சலவை இயந்திரத்துக்குக் காவலிருந்தபடி சொற்களைப் பொறுக்கினோம். எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் 'முன்னுக்கு நிண்டு செய்தவர்' என்றால் புகழ்ச்சி; 'பெரியதனம் காட்டுறார்' என்றால் நக்கல். உங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் 'எடுத்துக்கட்டிச் செய்வார்', 'நாட்டாமை பண்றான்'. எல்லாமே அடுத்தவரைப் பற்றியவை என்று நான் கண்டுபிடித்துச் சொன்னேன். தன்னைப் பற்றி என்றால் "சும்மா ஒத்தாசைக்கு நிக்கிறன்" என்றுதான் எவரும் சொல்வார்கள். நீங்கள் சிரித்தீர்கள். "நாந்தான் பொறுப்புன்னு சொன்னா, பெரிய இவன்னு சொல்லிடுவாங்கல்ல."

உங்கள் அப்பாவின் கதையும் அங்கேதான் சொன்னீர்கள். தலைமை ஆசிரியர் ஓய்வு பெற்றதும், வேறொருவர் வரும்வரை என்று அவரை உட்கார வைத்தார்கள். வெளியே பலகையில் அவர் பெயர், கீழே தலைமை ஆசிரியர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு'. ஒருவரும் வரவில்லை. பதினொரு வருடம் அந்த அடைப்புக்குறியோடே பள்ளிக்கூடத்தை நடத்தினார். "வருத்தப்படவே இல்லையா?" என்றேன். "அந்தக் குறிய எடுக்கச் சொன்னதுக்கு அவரே வேணாம்னுட்டார். இருந்தா பயம் குறைச்சலா இருக்காம்."

அந்தப் பதில் எனக்கு அப்போது விளங்கவில்லை.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் சாவியை என் உள்ளங்கையில் வைத்தபோதும் நான் அதைப் பத்திரப்படுத்தத்தான் தந்தீர்கள் என்று நினைத்தேன். "தொலைச்சிடாத. தொலைச்சாலும் நீயே போய்ச் சொல்லு," என்றீர்கள்.

இந்தக் கிழமை முழுவதும் எல்லா வீட்டுக்கும் தொலைபேசி எடுத்தேன். எல்லோரும் "பாப்பம்" என்றார்கள். அந்த மாமா, "உது ஆம்பிளையள் கதைச்சுச் செய்ய வேண்டிய விசயம் பிள்ளை," என்றார். "அப்ப நீங்கள் கையெழுத்து வையுங்கோவன்," என்றேன். அவருக்கு உடனே இருமல் வந்துவிட்டது. இவரோ, "நீர் ஏன் யோசிக்கிறீர்? ஆரும் ஒரு ஆள் முன்னுக்கு வருவினம்," என்றார்.

குழந்தை மூச்சு விடுகிறாளா என்று இரவில் பத்துத் தரம் மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பவள் நான். இருபது குடும்பம், பால் பொங்கும் அடுப்பு, ஓடித் திரியும் பிள்ளைகள். ஒன்று நடந்தால்?

வெள்ளிக்கிழமை, அதாவது இன்று பின்னேரம், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே போனேன். படிவத்தில் பெயரை எழுதினேன். கை நின்றுவிட்டது. பிறகு பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, உள்ளே தமிழில் 'பொறுப்பு' என்று எழுதினேன். உங்கள் அப்பா சொன்னது சரிதான் அக்கா. பயம் கொஞ்சம் குறைந்தது.

சூப்பரின்டென்ட் அதை விரலால் தொட்டு என்னவென்று கேட்டார். "ஆக்டிங்," என்றேன். அவர் என் கையில் தொங்கிய சாவியையும் கட்டையையும் பார்த்தார். உங்களை நினைத்திருப்பார்.

"சரி, ஏதாவது நடந்தால் நான் யாரைக் கேட்பது?"

மகள் அந்தக் கட்டையை எட்டிப் பிடித்து மறுபடி வாயில் வைத்தாள். இந்த முறை நான் பறிக்கவில்லை.

"என்னைத்தான்," என்றேன்.