வலிக்கவில்லை என்று சொன்னவளுக்கு

பாசத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மறைத்து வைத்த என் அழுத்தக்கார அம்மாவுக்கு,

கோபத்தில்தான் எழுதுகிறேன். செத்தவர்களைத் திட்டக்கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது திட்ட நீ எங்கே விட்டாய்?

சேதி இதுதான். உன் சின்ன மகள் ஜெசிந்தாவுக்கும் மார்பில் கட்டி வந்துவிட்டது. நெல்லிக்குப்பத்திலிருந்து சிதம்பரத்துக்கு, உனக்குப் பார்த்த அதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். போன வாரம் ஆபரேஷன் முடிந்தது. சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டோம், பிழைத்துக்கொள்வாள் என்கிறார்கள். ஆனால் அவளும் நீ கற்றுக்கொடுத்த பாடத்தையே ஒப்பித்தாள்.

உன் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்த அந்த டாக்டரம்மாவை நினைவிருக்கிறதா? மயக்க மருந்தோடு நெஞ்சுப் பக்கத்து நரம்பை மரத்துப்போக வைக்கும் ஊசியும் போட்டால் பிறகு வலி குறைகிறதா, கையைச் சீக்கிரம் தூக்க முடிகிறதா என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நீயும் அதில் சேரச் சம்மதித்தாய். தினமும் வந்து கேட்பார்.

"வலியே இல்லன்னா ஜீரோ, தாங்கவே முடியலன்னா பத்து. எவ்ளோம்மா சொல்வீங்க?"

"ஜீரோதாம்மா. மாதா புண்ணியத்துல ஒண்ணுமில்ல."

நான் வாயைத் திறந்தால் என் தொடையைக் கிள்ளுவாய். அவர் தலை மறைந்ததும் தலையணையைக் கடித்துக்கொண்டு, "இயேசுவே, இத உமக்கே ஒப்புக்கொடுக்கறேன்" என்று முனகுவாய். இயேசுவுக்குக் கொடுத்ததில் ஒரு பங்கை டாக்டருக்கும் கொடுத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

உன் புண்ணியத்தில் அந்த ஆராய்ச்சியில் ஒரு பொய் ஏறியது. அது கிடக்கட்டும். வலிக்குப் பயந்து கையை அசைக்காமலே வைத்திருந்தாய், தோள் இறுகிப்போனது. பிறகு முதுகில் வலி வந்தபோது அதையும் என்னிடம்கூடச் சொல்லாமல் ஒப்புக்கொடுத்தாய். செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் "நல்லாருக்கேன்." எலும்பில் புற்று பரவியது தெரிந்தபோது யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை. இப்படி ஒரு காணிக்கையை உன்னிடம் யார் கேட்டது?

ஆபரேஷனுக்கு மறுநாள் நர்ஸ் ஜெசிந்தாவிடம் அதே கேள்வியைக் கேட்டாள். முகமெல்லாம் வேர்த்துக் கொட்ட, இவள் "ஜீரோ சிஸ்டர்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொய் சொல்றா சிஸ்டர். மருந்தப் போடுங்க."

"அக்கா, நீ கம்முனு இரு. அம்மா ஒரு நாளாவது வலின்னு சொன்னாங்களா? நான் மட்டும் கத்தணுமா?"

"சொல்லலடீ. அதனாலதான் கல்லறையில கெடக்கறாங்க."

வார்டே திரும்பிப் பார்த்தது. நான் நிறுத்தவில்லை. உன் கடைசி மாதத்தில், செம்மண்டலத்தில் நம் வீட்டில், பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் நீ கதறியதை அவளிடம் சொன்னேன். மாமியார் வீட்டில் இருந்தவளுக்கு அது எப்படித் தெரியும்? அவள் பார்க்க வரும்போதெல்லாம் நீதான் பவுடர் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பாயே.

 அவள் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "எட்டு சிஸ்டர். எட்டுக்கு மேலயே இருக்கும்" என்று சொல்லி ஓவென்று அழுதாள். மருந்தைக் கூட்டினார்கள். இன்று காலை தன் தலையைத் தானே வாரிக்கொண்டாள். உன்னால் கடைசிவரை முடியாத காரியம் அது.

வரும் ஞாயிற்றுக்கிழமை உனக்கு வருஷ நினைவுப் பூசை. "ஒரு முனகல் இல்லாம போன புண்ணியவதி" என்று வழக்கம்போல எல்லோரும் உருகுவார்கள். ஃபாதர் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார். அந்தக் கூட்டத்திலும் ஒருத்தியாவது முந்தானைக்குள் கட்டியை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லப்போகிறேன்: என் அம்மாவுக்கு வலித்தது, ரொம்ப வலித்தது, சொல்லாததால் செத்துப்போனாள். இது சத்தியம். உன் பெயர் கெட்டால் கெடட்டும். புண்ணியவதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நீ கத்திக் கூப்பாடு போட்டுக்கொண்டு உயிரோடு இருந்திருக்கலாம்.

உன் வாயாடி மூத்த மகள்,
ஆரோக்கியம்